ஐப்பசிக்கு முன்னால் நான்கு டயர்

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகிற சாலையில், புரட்டாசியிலேயே வண்டல் மண் ஏறிவிடும். சம்பா நடவுக்குச் சேறு உழுத டிராக்டர்கள் வயலிலிருந்து அப்படியே தாருக்கு வந்து, சக்கரம் நெடுகக் களிமண்ணை உதறிக்கொண்டு போகும். காய்ந்தால் அது வெறும் தூசு. அதன்மேல் முதல் தூறல் விழும் அரை மணி நேரம்தான், அந்த 45 கிலோமீட்டரிலேயே மிக ஆபத்தான நேரம். பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2015-இலும், 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் வெள்ளம் இந்த மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்தது. கெடிலமும் தென்பெண்ணையும் பொங்கிய படங்கள் செய்தியில் வந்தன. சாதாரண மழைநாளில் பிரேக் பிடித்தும் நிற்காமல் முன்வண்டியில் போய் முட்டுகிற கார்கள் செய்தியில் வருவதில்லை.

இந்தச் சாலையில் தினம் வேலைக்குப் போய்வருகிறவர் டயர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” கடைக்காரரும் அதற்கே பதில் சொல்வார்: “ஐம்பதாயிரம் தாராளமா ஓடும் சார்.” நியாயமான கேள்விதான், மாதச் சம்பளக்காரருக்கு நான்கு டயர் என்பது பெரிய செலவு. ஆனால் நெடுநாள் தேயாமல் உழைக்க ரப்பரைக் கெட்டியாகச் செய்தால், ஈரத் தாரில் அதன் பிடிப்பு பொதுவாகக் குறையும். சிலிகா கலந்த ரப்பர் வந்தபின் இந்த இழுபறி ஓரளவு தணிந்தது என்றாலும், தீர்ந்துவிடவில்லை. ஐரோப்பாவில் டயரின் ஈரப்பிடிப்பை எழுத்து வரிசையில் தரம் பிரித்து ஒட்டுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால், முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் வண்டி நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வேறுபாடு வரும் என்கிறது அந்தக் கணக்கு. நான்கு கார் நீளத்துக்கும் மேல். இந்தியாவிலும் ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் தரம் வகுத்து 2022-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆகவே கடலூர்க்காரர் முதலில் கேட்க வேண்டியது, “மழையில் எப்படிப் பிடிக்கும்?” என்பதே.

டயரின் பட்டன் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கட்டைகளுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். புது டயரில் அந்தப் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் அது சட்டத்தின் எல்லை மட்டும்தான், மழையின் எல்லை வேறு. தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகத்தை, விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் ஒரு சூத்திரமாக்கினார்கள். 32 பவுண்டு காற்றுள்ள டயருக்கு அதைப் போட்டுப் பார்த்தால் சுமார் 94 கிலோமீட்டர் வேகம் வருகிறது. தேய்ந்த டயர் இதற்கும் முன்னாலேயே மிதந்துவிடும். நாற்கரமாக அகலமான சாலையில் தொண்ணூறைத் தொடுவது இப்போது யாருக்கும் பெரிதில்லை. 3 மில்லிமீட்டருக்கு இறங்கிய டயரைப் பொங்கல் வரை இழுக்காமல், மழைக்கு முன்பே மாற்றிவிடுவதுதான் சரி.

அடுத்தது டயரின் வயது. பக்கச் சுவரில் 165/80 ஆர்14 85டி என்பதுபோல ஓர் எழுத்து வரிசை இருக்கும்: அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம், ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோ, வேக வரம்பு 190. இதை வண்டிக் கையேட்டோடு ஒப்பிட்டால் போதும். கொஞ்சம் தள்ளி, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். சில டயர்களில் இது உட்பக்கம் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டிய பிறகு குனிந்து தேடுவதைவிட, மாட்டுமுன் புரட்டிப் பார்ப்பது எளிது. தள்ளுபடியில் தரும் டயரில் அவசியம் பார்க்க வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கெட்டிப்படும், வெடிப்பு விடும். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் வரை டயர் உற்பத்தியாகும் மாநிலம் இது. இங்கே ஒருவர் இரண்டு வருடப் பழைய சரக்கை வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. பெரிய பெயர் இல்லாத, ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சரியான அளவும் புதிய தேதியும் கொண்ட நடுத்தர விலை டயர் இன்னும் கைக்கு எட்டுகிறது.

பாதி விலைக்குக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் டயர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது எந்தப் பள்ளத்தில் விழுந்தது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. உள்ளே நூலிழை அறுந்திருந்தாலும் வெளியே பளபளப்பாகக் கறுப்புப் பூசியிருக்கும். 2010-இல் புனேயிலிருந்து மும்பைக்குப் போன காரின் டயர் வெடித்து ஒருவர் இறந்தார். அது கடவுள் செயல் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதிட்டது. 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனித அலட்சியம் என்றது. அதிவேகம், கூடுதலான அல்லது குறைவான காற்று ஆகியவற்றோடு செகண்ட் ஹேண்ட் டயரையும் காரணங்களின் பட்டியலில் சேர்த்தது.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. கத்திரி வெயில் வந்ததும், “டயர் சூடாகும், நாலு பவுண்டு குறைச்சே வைப்பா” என்பார்கள். நடப்பது நேர்மாறு. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அந்த உரசலே டயரை மேலும் சூடாக்கும். கோடையில் வெடிக்கும் டயர்களில் பல இப்படிக் காற்றுக் குறைந்து ஓடியவை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவே எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும். காலையில் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் பார்க்க வேண்டும். அலைன்மென்ட்டும் அப்படித்தான், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதைக் கவனிக்காமல் விட்டால் டயரின் ஓரம் மட்டும் தேய்ந்து, முழுசாகத் தூக்கிப் போட வேண்டிவரும்.

பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், புதியவை பின்னால் போகட்டும். முன்சக்கரத்தால் இழுக்கும் காருக்கு முன்னால் போடுவதே பல கடைகளில் வழக்கம். ஆனால் ஈரத்தில் முன்பக்கம் நழுவினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளித்துவிடலாம்; பின்பக்கம் நழுவினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது பழகிய ஓட்டுநருக்கே கடினம். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியின் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம், அதற்கும் வயதாகியிருக்கும். கையோடு, நான்கு டயரின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாரண்டி கேட்டுப் போகும்போது கடையில் முதலில் கேட்பது அதைத்தான்.