கல் வீதியில் இரண்டு செக்கன்

பாரிஸ் லா சப்பலில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் அண்ணை ஒருவரிடம்தான் அந்த 70–200 லென்சை இரவல் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். பாரிஸ்–ரூபே சைக்கிள் ஓட்டம் எடுக்கப் போகிறேன் என்றேன். லென்சின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தாலி கட்டுறதும் உப்பிடித்தான் தம்பி. மூண்டு முடிச்சு, அஞ்சு செக்கன். ஐயர் குனிவார், தோழன் குறுக்கால வருவான், மாமி பூப் போட எழும்புவா. எங்க நிக்கிறது எண்டதை முதல்லயே பாத்து வைக்கோணும். பிறகு ஓடித் திரிஞ்சு பிரியோசனமில்லை."

2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை. பாரிஸிலிருந்து லீல், அங்கிருந்து சின்ன ரயிலில் தொம்ப்ளோவ். பிறகு உழுத வயல்களுக்கு நடுவே சைக்கிளை மிதித்து மோன்-ஓன்-பெவெல் போய்ச் சேர்ந்தேன். பீற்றும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர். வருடம் முழுக்க உழவு இயந்திரம் போகிற கமப் பாதையில்தான் அந்தச் சனியும் ஞாயிறும் உலகின் மிகச் சிறந்த சைக்கிள் வீரர்கள் வருகிறார்கள்.

கல் வீதி என்றால் நம்மவர் நினைப்பது போல் சல்லிக்கல் பரவிய வீதி அல்ல. ஒவ்வொரு கல்லும் ஒரு றாத்தல் பாண் அளவு. அப்படிக் கல்லுக்குப் பக்கத்தில் கல்லாகப் பதித்திருக்கிறார்கள். நடுவில் வீதி மாட்டின் முதுகுபோல உயர்ந்து, இரண்டு கரைக்கும் சரிந்து இறங்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. சில இடத்தில் கை முழுவதும் போகும். நான் குந்தியிருந்து ஒரு கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நடுப்பகுதி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, மூலையோ உடைந்து கத்திபோல நின்றது. அந்த மூலையில்தான் ரயர் வெட்டுப்படும்.

1896-இல் தொடங்கிய ஓட்டம் இது. முதலாம் உலகப்போர் முடிந்து, 1919-இல் பாதை எப்படி இருக்கிறதென்று பார்க்க வடக்கே வந்த பத்திரிகையாளர்கள் குண்டு விழுந்த குழிகளையும் கருகிய மரங்களையும் கண்டு 'வடக்கின் நரகம்' என்று எழுதினார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2024-இல் ஆண்கள் ஓடிய தூரம் 259.7 கிலோமீற்றர், அதில் 55.7 கிலோமீற்றர் கல், 29 துண்டுகளாக. மோன்-ஓன்-பெவெல் துண்டு மட்டும் 3 கிலோமீற்றர். கடினத்துக்குப் போடும் நட்சத்திரத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்கியது. வெல்பவருக்குக் கொடுக்கும் பரிசும் இந்த வீதிக் கல் ஒன்றுதான்.

கற்கள் தானாக இப்படிக் கிடப்பதில்லை. 'பாரிஸ்–ரூபேயின் நண்பர்கள்' என்றொரு தொண்டர் சங்கம் இருக்கிறது. தார் ஊற்றி மூடப்படவிருந்த பாதைகளைக் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர்ந்த கல்லைக் கிளப்பி, கீழே மண் நிரவி, மறுபடி பதிப்பதைத் தோட்டக்கலைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறார்கள். அரென்பெர்க் காட்டு வீதியில் கல்லிடுக்குப் புல்லை மேய ஆடுகளையும் விட்டிருக்கிறார்கள். இந்த ஓட்டத்தின் முதல் தொழிலாளர்கள் இவர்கள்தான் என்பேன்.

சனிக்கிழமை பெண்கள் ஓட்டம். ஆண்கள் ஓடத் தொடங்கி 125 வருடம் கழித்து, 2021-இல்தான் பெண்களுக்கு இந்த வீதி கிடைத்தது. அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று சனம் குறைவு. விரும்பிய இடத்தில் நிற்கலாம். அதனாலேயே நான் யோசிக்காமல் நின்றேன். வளைவின் வெளிப்பக்கம், வெயிலுக்கு எதிராக. தூசி எழும்பி வெளிச்சத்தில் மினுங்கியது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெல்ஜியத்தின் லோட்டே கொபெக்கி உலகச் சம்பியனின் வெள்ளை உடுப்பில், நெஞ்சில் வானவில் பட்டியோடு வந்தபோது கமரா அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. உடுப்பு வெள்ளையாக விழுந்தது. ஹெல்மெற்றின் கீழே முகம் கறுத்துக் கண்ணே தெரியவில்லை. அடுத்த படங்களில் எனக்கு முன்னால் ஒருவர் ஆட்டிய கொடியில் ஃபோக்கஸ் பிடித்திருந்தது. கொடியின் தையல் நூல் எண்ணலாம்போல இருந்தது, அதற்குப் பின்னால் வீரர்கள் புகை. அன்று பின்னேரம் ரூபே மைதானத்தில் கொபெக்கி வென்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, இரண்டு காரணத்துக்கும்.

ஆனால் அன்று ஒரு பாடத்தைக் கண்ணால் பார்த்தேன். ஓட்டம் வருமுன் ஒரு மோட்டார் சைக்கிள் வளைவில் வந்து நின்றது. பின்னால் இருந்தவர் இறங்கினார், இரண்டு கமரா, முகமெல்லாம் தூசி. முன்னால் இருந்தவர் இயந்திரத்தை அணைக்கவில்லை. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்: ஓட்டத்தை நினைத்தபடி கடக்க முடியாது, அனுமதி கிடைக்கும்போது கடந்து முன்னே போய், ஒரு வளைவில் இறங்கி, எடுத்து, மறுபடி குறுக்குப் பாதையால் பறக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது மிஞ்சினால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் அவர் வீதியைப் பார்க்கவேயில்லை. பின்னணியைப் பார்த்தார். தூரத்தில் ஒரு வெள்ளை வான் நின்றது. அது வீரர்களின் தலைக்குப் பின்னால் விழாதபடி ஓரடி இடப்பக்கம் நகர்ந்தார், புல்லில் நெஞ்சு பட வயிற்றில் படுத்தார், காத்திருந்தார். வந்தார்கள், எடுத்தார், எழும்பி ஓடினார். இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐயரும் தோழனும் மாமியும் எங்கே வருவார்கள் என்று பார்த்து வைக்கும் அண்ணையைத்தான் நான் அந்தப் புல்லில் கண்டேன்.

ஞாயிறு ஆண்கள் ஓட்டம். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். ஓட்டம் பின்னேரம்தான் அந்த இடத்துக்கு வரும். வீதியை நடந்து பார்த்து, ஒரு கல்லைத் தெரிவுசெய்தேன்: இடது மூலை உடைந்தது, வீதியின் முதுகில் சரியாக நடுவில் இருந்தது. அதில் ஃபோக்கஸை வைத்துப் பூட்டினேன். வேகம் 1/2000. வெள்ளை உடுப்புக்காக வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன், ஏனென்றால் ஆண்களிலும் அப்போதைய உலகச் சம்பியன், நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் புல், வர இருந்தார். பின்னால் வயலும் வானமும் மட்டும்.

எனக்கு நாலடி தள்ளி ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், அணிச் சட்டை, தோளில் இரண்டு சில்லு. சுவான்யர் என்பார்கள் இவர்களை: வீரர்களின் காலை உருவி விடுவது, சோறு கட்டுவது, போத்தல் நிரப்புவது, இப்படிக் கல் வீதிகளில் மாற்றுச் சில்லோடு காத்து நிற்பது எல்லாம் இவர்கள் வேலை. காலையிலிருந்து இது அவருக்கு மூன்றாவது இடம் என்றார். அணியின் கார் ஓட்டத்துக்குப் பின்னால் வெகு தூரத்தில் அகப்பட்டிருக்கும், ஆகவே சில்லு உடைந்தவனுக்குக் கடவுளும் நான்தான், கடைக்காரியும் நான்தான் என்றார். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தார். காற்று கூடினால் கல்லில் துள்ளும், குறைந்தால் விளிம்பு அடிபடும். அவர் விரலின் நகத்துக்குள் கறுப்பு எண்ணெய் படிந்திருந்தது. வலது உள்ளங்கையில் சில்லின் கம்பி அழுத்திய கோடுகள் வரிசையாகச் சிவந்திருந்தன. கீழே வைக்கலாமே என்றேன். "மண் ஒட்டும்," என்றார்.

1939-இல் படப்பிடிப்பாளர் ரொபேர்ட் கப்பா டூர் டி பிரான்சை எடுக்கப் போனபோது, பிரித்தனியில் பியேர் க்ளொஅரெக் என்ற வீரரின் சைக்கிள் கடை வாசலில் நின்ற சனத்தை எடுத்தார். படத்தில் ஒரு வீரரும் இல்லை. தலைகள் எல்லாம் ஒரு பக்கம் பார்க்கின்றன. அடுத்த படத்தில் மறுபக்கம். அந்த இடைவெளியில் ஓட்டம் போய்விட்டது. ஓட்டத்தைப் பற்றி நான் பார்த்ததில் சிறந்த படங்கள் அவை. அந்த நினைவில்தான் கழுத்தில் தொங்கிய சின்னக் கமராவால் அந்தப் பெண்ணின் கையை மூன்று தரம் எடுத்தேன்.

முதலில் கேட்பது ஹெலிகொப்டர். பிறகு சனத்தின் சத்தம் வயலுக்கு மேலால் அலையாக வரும். சிவப்புக் கார், மோட்டார் சைக்கிள்கள், தூசி. அப்புறம் தனியாக ஒரு வெள்ளை உடுப்பு. வான் டெர் புல் ஓர்ஷி கல் வீதியிலேயே, முடிவுக்கு 60 கிலோமீற்றர் இருக்கும்போது, எல்லோரையும் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். அன்று அவர் சராசரி மணிக்கு 47.8 கிலோமீற்றர் ஓடினார். அதுவரை இந்த ஓட்டத்தில் யாரும் ஓடாத வேகம். கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 13 மீற்றர். முப்பது மீற்றரில் கமராவுக்குள் நுழைந்தவர் இரண்டு செக்கனில் என் முழங்கைக்குப் பக்கத்தால் போனார். கல்லில் கை அதிர்ந்தது, முகம் அதிரவில்லை. வாயைத் திறந்து மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. உடைந்த மூலைக் கல்லில் முன்சில்லு ஏறிய கணம் அழுத்தியது எனக்குத் தெரியும், விரல் அறிந்தது.

வீதி சும்மா கிடந்தது, கொஞ்ச நேரம். பிறகு துரத்துகிறவர்கள், பிறகு பிந்தியவர்கள், கிழிந்த உடுப்பும் முழங்கால் இரத்தமுமாகத் தனித்தனியாக. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் சில்லை உயர்த்திப் பிடித்தார். தன் அணியின் நிறத்தைக் கண்டால் வீரனின் பெயர் சொல்லிக் கத்தினார். கடைசிக் கார் போகும்வரை கையை இறக்கவில்லை.

ரூபேயில் வான் டெர் புல் 3 நிமிடம் முன்னால் வந்து வென்றார். திரும்பும் ரயிலில் படங்களைப் பார்த்தேன். முகம் தெரிந்தது, கண் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை லென்சைக் கொடுக்கப் போனேன். அண்ணை கடையின் பின்னறையில் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். வெள்ளை உடுப்புப் படத்துக்குத் தலையாட்டினார். "நல்லா நிண்டிருக்கிறாய்." அழுத்திக்கொண்டே போனவர் அந்தக் கையில் நிறுத்தினார். உள்ளங்கைக் கோடுகளைப் பெரிதாக்கினார்.

"இவ ஆர்?"

சொன்னேன்.

"சில்லை ஆருக்குக் குடுத்தவ?"

"ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. ஒருத்தரும் கேக்கேல்லை. துடைச்சு, உறையில போட்டு, காரில ஏத்தினவ."

அவர் மற்றப் படங்களுக்குப் போகவில்லை.