ஸ்கிரீன் போடுகிறவர்

கூடைப்பந்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் தாக்குதல்களில் அடிப்படையானது பிக் அண்ட் ரோல். ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். அவரைக் காக்கும் எதிரணி வீரரின் வழியில் இன்னொருவர் போய் அசையாமல் நிற்பார். இப்படி நின்று மறிப்பதைத்தான் ஸ்கிரீன் போடுவது என்கிறார்கள். மறித்தவரின் தோளை உரசியபடி பந்துக்காரர் கடந்துவிடுவார், காவலர் மாட்டிக்கொள்வார். மறித்தவர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். அந்தத் திரும்பல்தான் ரோல். ஒரு விநாடிக்கு இரண்டு பேரை ஒரே காவலர் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆட்டத்தின் பயன் முழுவதும் அந்த ஒரு விநாடியில் இருக்கிறது.

தெற்குக் கொல்கத்தாவில், பட்ஜ் பட்ஜ் ரயில் பாதையை ஒட்டியது லேக் கார்டன்ஸ். ரவீந்திர சரோபர் ஏரிக்கு அருகிலுள்ள இந்தப் பகுதியில் இக்கட்டுரைக்காகப் பார்த்த மாலைப் பயிற்சியில், பந்துக்காரருக்குச் சொல்லப்பட்டதைவிட மறிப்பவருக்குச் சொல்லப்பட்டதே அதிகம். பயிற்சியாளர் வாயில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு வங்கச் சொற்கள்: ‘தாரா’, ‘கோர்’. நில், திரும்பு என்று பொருள். இந்த ஆட்டத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நிற்பது சுலபமில்லை. இரண்டு கால்களும் தரையில் ஊன்றி, தோளகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்க வேண்டும். கைகள் மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்கையோ இடுப்போ வெளியே நீண்டு காவலர் மேல் பட்டால் ஃபவுல். நிற்கும் காவலரின் பார்வைக்கு முன்னே எவ்வளவு நெருங்கியும் நிற்கலாம், உடல் மட்டும் படக்கூடாது. பார்வைக்கு வெளியே நின்றால் இயல்பான ஒரு காலடி இடம் விட வேண்டும். காவலர் ஓடிக்கொண்டிருந்தால், அவர் நிற்கவோ விலகவோ ஒன்று முதல் இரண்டு காலடி வரை இடம் தர வேண்டும் என்கிறது சர்வதேச விதி. நிற்கும் கோணமும் முக்கியம். கோணம் பிசகினால் காவலர் நழுவிவிடுவார்.

பயிற்சியில் அதிகம் கண்ட பிழை அவசரம். மறிப்பவர் ஊன்றி நிற்பதற்குள் பந்துக்காரர் கிளம்பிவிடுகிறார். மறிப்பவரும் அவரோடு அரையடி நகர்ந்துவிடுகிறார். தவறு முன்னவருடையது, விசிலோ பின்னவர் மேல். ஆகவே காத்திருக்கக் கற்பதுதான் பந்துக்காரரின் முதல் பாடம்.

திரும்பும்போது மறித்தவர் பந்தைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. காவலரைத் தன் முதுகுக்குப் பின்னால் அடைத்து, ஒரு கையை நீட்டி, பந்து எங்கே வேண்டும் என்று காட்டியபடி ஓட வேண்டும். காவலர்களின் கைகளுக்குக் கீழே தரையில் ஒருமுறை குத்தி எழும் பாஸ் இங்கே நன்றாக வேலை செய்யும்.

எதிரணியிடமும் பதில்கள் உண்டு. காவலர் ஸ்கிரீனுக்குப் பின்புறமாகப் புகுந்து வந்தால், பந்துக்காரர் நின்ற இடத்திலிருந்தே எறியலாம். காவலர்கள் ஆளை மாற்றிக்கொண்டால், உயரமான மறிப்பவர் முன்னே குள்ளமான காவலர் அகப்படுவார். பந்து அந்த உயரமானவரிடம் போக வேண்டும். இருவரும் பந்துக்காரரை வளைத்தால், திரும்பி ஓடுகிறவர் தனியாக இருப்பார். மறித்தவர் உள்ளே ஓடாமல் வெளியே விலகி எறிவதும் உண்டு; அதன் பெயர் பாப்.

நெய்ஸ்மித் என்பவர் 1891இல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஆட்டம் கூடைப்பந்து. அதில் பிக் அண்ட் ரோலுக்கு இலக்கணமாகச் சொல்லப்படும் ஜோடி யூட்டா ஜாஸ் அணியின் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும். 1985 முதல் 2003 வரை 18 பருவங்கள் சேர்ந்து ஆடினார்கள். ஸ்டாக்டன் கொடுத்த 15,806 அசிஸ்ட்கள், அதாவது கூடையில் முடிந்த பாஸ்கள், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் இன்றும் சாதனை. ஓங்கி நின்று மறித்த மலோன் இல்லாமல் அந்த எண் இவ்வளவு உயர்ந்திருக்காது.

உள்ளூர்ப் போட்டிகளின் ஸ்கோர் ஷீட்டில் புள்ளிகளுக்கும் ஃபவுல்களுக்கும் கட்டங்கள் உண்டு. சரியாகப் போட்ட ஸ்கிரீனுக்குக் கட்டம் கிடையாது. தவறாகப் போட்டது மட்டும் ஃபவுலாகப் பதிவாகும்.