நம்பர் போடு... பெடல் போடு!

லீவு விட்டா பைக்ல மேகமலைக்குப் பறக்கிற ஆளா நீங்க? ஒரு தடவை சைக்கிளை எடுங்க பாஸ்! அதுக்காக, 'தேனி டு கம்பம் 40 கிலோமீட்டர்தானே'னு நெடுஞ்சாலையில இறங்கிடாதீங்க. காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் பறக்கிற ஜீப்புகள், கார்த்திகை, மார்கழி வந்தா சபரிமலை வண்டிகள்... ஹாரனுக்குப் பயந்து ஓட்டினா வயலை எங்கே ரசிக்கிறது?

இதுக்கு பெல்ஜியத்துல ஒரு சூப்பர் ஐடியா வெச்சிருக்காங்க. லிம்பர்க் மாகாணத்துல, ஹ்யூகோ போலன்ங்கிற சுரங்க இன்ஜினீயரோட யோசனைப்படி 1995-ல் வந்தது. சைக்கிளுக்கு ஏத்த வழிகள் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் ஒரு நம்பர். அடுத்த நம்பர் எந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்ட போர்டு. போக வேண்டிய நம்பர்களைச் சீட்டுல எழுதிக்கிட்டா போதும். கால் வலிச்சா, பக்கத்து நம்பர்ல திரும்பிக்கலாம்!

நம்ம ஊர்ல போட்டுப் பார்ப்போமா? வீரபாண்டி 1, உப்புக்கோட்டை 2, குச்சனூர் 3, மார்க்கையன்கோட்டை 4. முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற பச்சை வயலும் தென்னந்தோப்பும் கூடவே வரும். அடுத்த ரூட்: கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, சுருளி அருவி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம பன்னீர் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கிட்டே போகலாம். யானை நடமாட்டம், வெள்ளம்னா அருவிக்குத் தடை போடுவாங்க. அதனால சுருளிப்பட்டியிலேயே திரும்பவும் ஒரு வழி குறிச்சு வைக்கணும்.

திசையும் முக்கியம். தேனியிலிருந்து கம்பம் பக்கம் போறப்போ லேசான ஏத்தம். ஆனி, ஆடியில எதிர்காத்து வேற. தெம்பு இருக்கும்போதே அதை முடிச்சிடுங்க. திரும்புறப்போ ரெண்டும் நம்ம கட்சி! மேகமலை ஏத்தம்? நாலு மாசம் மிதிச்சுப் பழகிட்டு அப்புறம் பேசலாம்.

போர்டு நட அரசாங்கம் வேணும். மேப் போட நாலு ஃபிரெண்ட்ஸும் ரெண்டு ஞாயித்துக்கிழமையும் போதும். டீக்கடை, குடிதண்ணிக் குழாய், பஞ்சர் கடை, கரும்பு டிராக்டர் திரும்புற முனை... எல்லாத்தையும் குறிங்க. கடைசியா ஒரே ஒரு டெஸ்ட்: இப்பதான் சைக்கிள் பழகின உங்க தங்கச்சி அந்த ரோட்டுல தனியா, பயமில்லாம போயிட்டு வர முடியுமா? முடியும்னா மட்டும் நம்பர் போடுங்க!