வேலியோரத்துச் சிவப்புப் பழம்

போன சனிக்கிழமை காலை, என் நான்கு வயது மகள் வாயை இறுக மூடிக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள். திறக்கச் சொன்னேன். நாக்கின் மேல் பாதி கடித்த சிவப்புப் பழம்.

குந்துமணியில் விஷம் உண்டு என்று சிறு வயதில் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. பழத்தை எடுத்தெறிந்து, வாயைக் கழுவிவிட்டு, ஒரு கிளையையும் ஒடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். "என்ன செடி?" என்று டாக்டர் கேட்டார். ஐந்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். பதில் இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒரு காம்புல எத்தனை சின்ன இலை இருக்கு?" "ஏழு." "கசக்கி மோந்து பாருப்பா." எலுமிச்சை இலை வாசனை லேசாக வந்தது. படத்தையும் அனுப்பினேன். "கெமுனிங்தான். நம்ம கறிவேப்பிலைக்குச் சொந்தம். பயப்படாதே."

டாக்டர் பெயரைக் குறித்துக்கொண்டு, சற்று நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். மகள் வழியெல்லாம் ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள்.

தினமும் கோத்தா கெமுனிங் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெயர் ஒரு செடியுடையது என்பதே எனக்குத் தெரியாது.

அன்று மாலைதான் அதை நின்று பார்த்தேன். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள். வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இதே புள்ளிகளைப் பார்க்கலாம். மூன்றும் ஒரே குடும்பம். வெயில் காய்ந்து ஒரு மழை பெய்தால், ஐந்து இதழ் வெள்ளைப் பூ வேலி முழுக்கப் பூக்கும். இரவில் வாசனை தூக்கும். இரண்டொரு நாளில் கொட்டிவிடும். இத்தனை நாள் எனக்கு அது காரின் மேல் விழும் குப்பை, அவ்வளவுதான்! பழம் பச்சையிலிருந்து ஆரஞ்சாகிப் பின் சிவக்கும். கறிவேப்பிலைப் பழமோ கறுக்கும். உள்ளே ஒன்றிரண்டு விதைகள், மேலே மெல்லிய ரோமம். மரம் மிகக் கெட்டி. மலாய்க்காரர்கள் கிரிஸ் கத்திக்குக் கைப்பிடியை இதிலும் செதுக்குவார்கள்.

"வேரோடு வெட்டிடுங்க" என்றார் மனைவி. காலையில் கேட்டிருந்தால் வெட்டியிருப்பேன். வருடம் முழுக்க இலை உதிர்க்காமல் தெருவை மறைத்து நிற்கும் வேலி அது. மகளின் கை எட்டும் உயரம் வரை பழங்களை மட்டும் கிள்ளிப் போட்டேன். மேலே இருப்பதைப் புல்புல் குருவிகள் கொத்திக்கொள்ளட்டும்.