நல்ல பக்கத்துக்கு ஊசி!

வலது காதுக்குக் கீழே கொட்டைப் பாக்கு அளவில் ஒரு கட்டி. வலியில்லை, காய்ச்சலில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த சாதுவான கட்டி, புற்றுநோய் அல்ல என்று ஊசிச் சோதனையில் தெரிந்தது. ஆனாலும் விட்டுவைத்தால் வளரும், சில சமயம் குணமும் மாறும் என்பதால் 2022 ஜூனில் ஆபரேஷன் செய்துகொண்டேன். டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை கிளையாகப் பிரிகிறதாம். நெற்றிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கு, கீழ் உதட்டுக்கு, கழுத்துக்கு என்று ஐந்து. அறுபடாமல் சற்று இழுபட்டாலே போதும், முகம் கோணிவிடும்.

கோணியது. மறுநாள் "கண்ணை மூடுங்கள் அம்மா" என்றார் டாக்டர். இடக் கண் மூடிக்கொண்டது. வலக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது! காபி கடைவாயில் வழிந்தது. பேத்தியைப் "பாப்பா" என்று கூப்பிட்டால் வெறும் காற்றுத்தான் வந்தது.

எனக்கு உதட்டைப் பற்றிக் கவலை. டாக்டருக்கோ கண்ணைப் பற்றி. மூடாத கண் உலர்ந்தால் கருவிழியில் புண் வந்து பார்வைக்கே ஆபத்தாம். பகலெல்லாம் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டிக்கொள்வது. அதுதான் முதல் வைத்தியம். நரம்பு அறுந்திருந்தால் அப்போதே தைத்திருப்பார்கள், அல்லது காதருகிலிருந்தோ காலிலிருந்தோ வேறு நரம்பை எடுத்து ஒட்டுப் போட்டிருப்பார்கள். எனக்கு அறுபடவில்லை, ஆகவே காத்திருக்கச் சொன்னார்கள். அடிபட்ட நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம்.

காத்திருக்கிறவளுக்கு யோசனை சொல்ல ஆளா இல்லை? மின்சாரம் பாய்ச்சும் யந்திரம் ஒன்றை அடுத்த வீட்டு மாமி தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அதன் பலன் உறுதிப்படவில்லை என்றார் டாக்டர். பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண்ணோ, கண்ணாடி முன் உட்கார்ந்து மெள்ள, மிக மெள்ள அசைக்கச் சொன்னாள். முரட்டுத்தனமாக இழுத்தால் சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து மூடும் கெட்ட பழக்கம் படியலாமாம்.

நாலு மாதத்தில் கண்ணும் கன்னமும் திரும்பிவிட்டன. உதட்டுக் கிளை மட்டும் வரவில்லை. வாயை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. சிரித்தாலோ இடது கீழ் உதடு இறங்கிப் பல் தெரியும். வலது அப்படியே நிற்கும். சிரிப்பை விழுங்கப் பழகினேன். 2023-ல் தங்கை பெண் கல்யாணப் போட்டோக்களில் நான் யாரோ கடன்காரனைப் பார்ப்பது போல் நிற்கிறேன். அதையும் தாங்கினேன். "பாட்டி, உனக்கு என் மேலே கோபமா?" என்று பேத்தி கேட்டாளே, அதுதான் தாங்கவில்லை.

பிளாஸ்டிக் ஸர்ஜனிடம் போனோம். பாதி முகமும் செயலற்றுப் போனவர்களுக்கு, மெல்லும் தசையின் நரம்பை முகத்து நரம்போடு இணைப்பார்களாம். ஆனால் அதை ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போட முடியாது. நரம்பில்லாத தசை ஒன்றரை, இரண்டு வருஷத்தில் நலிந்துவிடும். அப்புறம் தொடையிலிருந்து தசை எடுத்துக் கன்னத்தில் வைப்பதுதான் வழி. "உங்களுக்கு அத்தனை வேண்டாம் அம்மா, இடப் பக்கம் ஒரு ஊசி போட்டால் போதும்" என்றார்.

"டாக்டர், கெட்டுப்போனது வலப் பக்கம்!" என்றேன் பதறிப்போய்.

சிரித்தார். வலது உதட்டை இழுக்க வைப்பது கஷ்டம். இடது உதட்டின் இழுப்பைத் தளர்த்துவது சுலபம். மருந்து போடாக்ஸ். கெட்டுப்போன டப்பா உணவில் உண்டாகும் அதே விஷம்தான், அணுவளவாக! ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் மாறுகண்ணுக்காக ஆராய்ந்த மருந்து. 1989-ல் அங்கே அனுமதி கிடைத்தது. சினிமாக்காரர்களின் முகச் சுருக்கமெல்லாம் பிற்பாடு வந்த வியாபாரம்.

"நன்றாக இருக்கிற பக்கத்தையும் கெடுப்பானேன்?" என்றார் என் கணவர். நியாயமான கேள்விதான். ஆனால் அது தினமும் கண்ணாடி பார்க்காதவர் கேட்கிற கேள்வி. போட்டுக்கொண்டேன். பத்து நாளில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆயின. பழைய சிரிப்பு இல்லை. கீழ்ப்பல் தெரியாத, சற்றுச் சிறிய சிரிப்பு. ரசம் குடிக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது.

மூன்று, நாலு மாதத்தில் ஊசியின் வேகம் தணிந்துவிடும். மறுபடி போட வேண்டும். அந்த இடது தசையில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீரும் என்கிறார் டாக்டர். இன்னொரு கத்திக்கு என் மனசு இடங்கொடுக்கவில்லை. அடுத்த ஊசி தை மாதம்.