செவ்வாயிலும் அடுக்களையா?

"நாகர்கோவிலுக்கா? என்ன விசேஷம், கல்யாணமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி.

"இல்லை மாமி. விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் சிலர் அங்கே வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் கதை படிக்கிறார்களாம். அதற்குத்தான்" என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் சொட்டியது.

ஆசிரியர் என்னை அனுப்பியது நான் விஞ்ஞானம் படித்தவள் என்பதற்காக அல்ல. நான் படித்தது சரித்திரம். என் தாயாருக்குப் பிறந்த ஊர் சுசீந்திரம். ஆகவே தங்குமிடச் செலவு மிச்சம்! ஆனால் என் பைக்குள், புடவைகளுக்கு அடியில், நானே எழுதிய ஒரு விஞ்ஞானக் கதை இருந்தது. அது அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

இரண்டு நாளைக்குத் தோசைமாவு அரைத்து வைத்து, குழந்தையின் உடுப்பை இஸ்திரி போட்டு, எந்த டப்பாவில் எந்தப் பருப்பு என்று சீட்டு ஒட்டிவிட்டு ரயிலேறினேன். மறுநாள் வண்டி கொஞ்சம் தாமதம். அதுவும் நல்லதாயிற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் பொழுது புலர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே நூற்றுக்கணக்கான காற்றாலைகள்! மலையடிவாரம் முழுவதும் வெள்ளைப் பூதங்கள் மாதிரி நின்று கையைச் சுழற்றிக் கொண்டிருந்தன. விஞ்ஞானக் கதைக்காரர்கள் கூட இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று நினைத்துக் கொண்டேன்.

வடசேரியில் ஒரு வீட்டு மச்சு. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் பெண்கள் மூவர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பௌதிக வாத்தியார் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவிகள் இருவர், இப்படி. பெரியவர் ஒரு பழுப்பேறிய பைண்டு புஸ்தகத்தை மடியில் வைத்திருந்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்த நாளில் வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்ததாம். ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பற்றிச் சொந்தப் பேரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

பதினொரு பேர்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். 1937 ஜனவரி 3-ந் தேதி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துத் தியாசபிகல் மண்டபத்தில் விஞ்ஞானக் கதைப் பிரியர்கள் முதன் முதலாகக் கூடியபோதும் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். அவர்களில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஆர்தர் கிளார்க். பிற்பாடு உலகப் புகழ் பெற்று, 1956-லிருந்து கடைசிக் காலம் வரை, இதோ கன்னியாகுமரிக் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் வாசம் செய்தாரே, அவரேதான்.

ரசவடையும் முந்திரிக்கொத்தும் வந்தன. (ரசவடைக்காகவே மறுபடி போகலாம்.) வாத்தியார் தம் கதையைப் படித்தார். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய ஒரு தம்பதி, வருஷம் 2300. கணவன் சுரங்கத்திலிருந்து களைத்து வருகிறான். பிராணவாயு, புழுதிப் புயல் எல்லாம் வெகு நேர்த்தி. மனைவி புன்னகையுடன் காப்பி கொண்டுவந்து நீட்டுகிறாள்.

மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த அந்த வீட்டு ஆச்சி உலக்கையை நிறுத்தினாள். "ஏ மக்கா, செவ்வாய் வரைக்கும் போனவளுக்கு அங்கயும் அடுக்களைதானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து என் டெலிபோன் அடிக்க வேண்டுமா? "குழந்தையின் சிவப்பு ரிப்பன் எங்கே?" என்றார் என் கணவர். "பீரோவில் இரண்டாந் தட்டு" என்று ரகசியமாகச் சொன்னது மச்சு முழுவதற்கும் கேட்டது. மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

வாத்தியார் விடவில்லை. "விஞ்ஞானத்தில் நம் ஜில்லா குறைச்சலா ஆச்சி? குலசேகரம் மாதவன் நாயர், சரக்கல்விளை சிவன், 2025-ல் பதவியேற்ற மேலக்காட்டுவிளை நாராயணன், மூன்று பேர் இஸ்ரோவுக்குத் தலைவர்கள்!" என்றார்.

"மூணும் ஆம்பிளையோ?" என்றாள் ஆச்சி.

மாணவிகளில் ஒருத்தி, சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் போன ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைப் பெண் என்று எடுத்துச் சொன்னாள். செங்கோட்டையும் 1956 வரை நம்மைப்போல் திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது என்று பெரியவர் அதில் பாதிப் பெருமையைத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். சரித்திரம் படித்த எனக்கே அது தெரியாது! 1905-ல் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய 'இண்டியன் லேடீஸ் மாகஸீன்' பத்திரிகையில், வங்காளத்து ருக்கையா என்ற பெண்மணி ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினாராம். பெயர், 'சுல்தானாவின் கனவு'. அதில் பெண்கள் ராஜ்யம் ஆளுகிறார்கள், ஆகாய வண்டியில் பறக்கிறார்கள், மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறார்கள். சூரிய வெப்பத்திலேயே சமையல். அடுக்களையில் புகையே கிடையாது. ஆண்கள்? கோஷாவில்! கணவர் சுற்றுப்பயணம் போயிருந்தபோது பொழுது போகாமல் எழுதியதாம். பொழுது போகாமல்!

என் முறை வந்தது. கை நடுங்கியது. என் கதாநாயகி ஒரு வானசாஸ்திரி. பத்து வருஷமாக நட்சத்திரங்களிலிருந்து ஒரு சமிக்ஞைக்குக் காத்திருக்கிறாள். அது வருகிற ராத்திரி, கணவனின் சிநேகிதருக்காகப் பால் காய்ச்ச எழுந்து போகிறாள். உதவியாளன் கேட்டுவிடுகிறான்; புகழ் அவனுக்கு. அவள் பெருந்தன்மையுடன் புன்னகை செய்கிறாள். இதை உருக்கமான முடிவு என்று நம்பியிருந்தேன். பால் காய்ச்சும் இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது.

"பாலை அவன் காய்ச்சட்டுமே" என்றாள் ஆச்சி.

"அப்படியானால் கதையே இல்லை, ஆச்சி."

"இது யாருக்க கதை மக்கா?"

யாருடைய கதை என்று எனக்குத் தெரியும். 2019 ஜூலையில் சந்திரயான்-2 கிளம்புவதைப் பார்த்து எழுத என்னைத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகச் சொன்னார்கள். அதன் திட்ட இயக்குநர் வனிதா, பயண இயக்குநர் ரிது கரிதால், இருவருமே பெண்கள். பேட்டிக் கேள்விகளைக்கூட எழுதி வைத்திருந்தேன். குழந்தைக்கு இலேசாகச் சளி. "நான் பார்த்துக் கொள்கிறேன், நீ போ" என்றுதான் என் கணவர் சொன்னார். நானாகவே வேண்டாம் என்றேன். காரியாலயத்திலிருந்து வேறொருவர் போனார். நன்றாகவே எழுதியிருந்தார்.

இதை அந்த மச்சில் சொன்னேனா? சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி ஒரு முந்திரிக்கொத்தை என் கையில் வைத்து, "மிச்சத்தை எழுதி அடுத்த வருஷம் கொண்டு வா" என்றாள்.

அன்று சாயங்காலம் திரும்பும் வண்டியிலேயே காகிதத்தை எடுத்துப் பழைய முடிவை அடித்தேன். பால் அடுப்பில் இருக்கிறது. சமிக்ஞை வருகிறது. வள்ளியூர் வருவதற்குள் பால் பொங்கிவிட்டது. அவள் எழுந்து போகவில்லை. அடுப்பைத் துடைப்பது யார் என்பதைத்தான் இன்னும் தீர்மானிக்கவில்லை.