இரவல் வாங்கிய வாதம்

மத விவாதங்களில் அடிக்கடி எழும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. "இது உன் சொந்தச் சரக்கு இல்லை, வெளியிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்" என்பதுதான் அது. எதிர்த்தரப்பு அப்படிச் செய்தால் பெரிய மோசடி போலத் தெரியும். அதையே தன் தரப்பு செய்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி! வெளி உதவி எந்த அளவுக்கு நியாயம், எந்த இடத்தில் அது அழுகுணி ஆட்டமாகிறது என்று யோசிப்பதற்கு, 1854-ல் ஆக்ராவில் நடந்த ஒரு விவாதத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு பக்கம் கார்ல் காட்லீப் ஃபாண்டர். ஜெர்மன்காரர். 1825-ல் பாசல் மிஷன் அவரைக் காக்கேசியப் பகுதிக்கு அனுப்பியது. அங்கே பாரசீக மொழி கற்று, முஸ்லிம்களுக்காகவே 'மீஸானுல் ஹக்' என்ற நூலை எழுதினார். 'உண்மையின் தராசு' என்று பொருள். பிறகு இந்தியா வந்து, சர்ச் மிஷனரி சொசைட்டியில் சேர்ந்து, ஆக்ராவில் தங்கிவிட்டார். அவருடைய நூல் வடஇந்திய முஸ்லிம் அறிஞர்கள் மத்தியில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. காரணம், வழக்கமான பாதிரிகளைப் போல அவர் வெறுமனே திட்டவில்லை. குர்ஆனிலிருந்தே மேற்கோள் எடுத்து, "உங்கள் வேதமே எங்கள் வேதத்துக்குச் சாட்சி சொல்கிறதே" என்று கேட்டார்.

இன்னொரு பக்கம் ரஹ்மதுல்லாஹ் கைரானவி. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள கைரானாவைச் சேர்ந்த மார்க்க அறிஞர். அரபியும் பாரசீகமும் கரைத்துக் குடித்தவர். ஆனால் ஐரோப்பாவில் பைபிளைப் பற்றி என்ன எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருடைய படிப்புக்குள் வராத விஷயம். அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் டாக்டர் வஸீர் கான். ஆக்ராவில் அரசாங்க மருத்துவர். இங்கிலாந்து போய் வந்தவர். வரும்போது பெட்டியில் ஐரோப்பியர்கள் பைபிளை ஆராய்ந்து எழுதிய புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார். ஜெர்மானிய விமர்சகர்கள், ஆங்கிலேய உரையாசிரியர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்து, விதிமுறைகள் முடிவாயின. ஏப்ரல் 10, 11 ஆகிய இரண்டு நாட்கள் விவாதம். ரஹ்மதுல்லாஹ்வுக்குத் துணை வஸீர் கான். ஃபாண்டருக்குத் துணை தாமஸ் வால்ப்பி ஃபிரெஞ்ச் (பிற்காலத்தில் லாகூரின் முதல் பிஷப் ஆனவர்). ஆளுக்கு ஒரு துணை, கணக்கு சரி. கூட்டத்தில் முஸ்லிம்கள், இந்துக்கள், கம்பெனி அதிகாரிகள் எல்லோரும் இருந்தார்கள்.

ஃபாண்டர் எதிர்பார்த்தது பழைய பாணி மௌல்விகளை. வந்ததோ ஐரோப்பாவின் சொந்தச் சரக்கு! அவர் பாசலைவிட்டுக் கிளம்பிப் பத்து வருடம் கழித்துத்தான் டேவிட் ஸ்ட்ராஸ் எழுதிய 'இயேசுவின் வாழ்க்கை' (1835) வெளிவந்து ஜெர்மனியையே கலக்கியது. அதாவது, தன் வீட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையை, ஆக்ராவில் உட்கார்ந்துகொண்டு ஒரு முஸ்லிம் டாக்டர் வாயால் அவர் கேட்கவேண்டி வந்தது.

முக்கியமான கேள்வி, பைபிளின் மூலப் பிரதியில் மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்பது. யோவான் எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் திரித்துவத்தைச் சொல்லும் ஏழாம் வசனம் போன்ற இடங்களை எடுத்து வைத்தார்கள். அது பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லாதது. இன்றைய புதிய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டன அல்லது அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டன. ஃபாண்டர் மழுப்பவில்லை. சில இடங்களில் மாற்றம் நேர்ந்திருக்கிறது, பிரதி எடுத்தவர்களின் பிழைகளும் ஏராளம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதனால் அடிப்படைக் கொள்கை எதுவும் பாதிக்கப்படவில்லை என்றார். ரஹ்மதுல்லாஹ்வோ, ஒரு இடத்தில் கை வைத்தது நிரூபணமானால் மற்ற இடங்களை எப்படி நம்புவது என்று கேட்டார்.

தணிக்கை தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான சண்டை. பேரேட்டில் பத்துப் பைசா தவறு இருந்தால் அது பொருட்படுத்தத்தக்கதா என்று பார்ப்பது ஒரு வழி. அது கைதவறி வந்த பிழையா, வேண்டுமென்றே எழுதிய பொய்ப் பதிவா என்று பார்ப்பது இன்னொரு வழி. பொய்ப் பதிவு என்றால் தொகை சின்னதாக இருந்தாலும் முழுப் புத்தகத்தையும் சந்தேகப்படத்தான் வேண்டும். ஃபாண்டர் முதல் வழியிலும் ரஹ்மதுல்லாஹ் இரண்டாவது வழியிலும் நின்றார்கள். இரண்டும் முட்டாள்தனம் இல்லை. அதனால்தான் இரண்டாம் நாளோடு விவாதம் முறிந்து, இரு தரப்பும் "ஜெயித்தது நாங்களே" என்று சொல்லிக்கொண்டன.

சரி, வஸீர் கானின் புத்தகப் பெட்டி நியாயமா?

நியாயம்தான் என்று தோன்றுகிறது. ஃபாண்டர் குர்ஆனை மேற்கோள் காட்டலாம் என்றால், அவர்கள் ஐரோப்பியரை மேற்கோள் காட்டக் கூடாதா? அதுவும் ஃபாண்டருக்குப் பின்னால் இருந்த வெளி உதவி சாதாரணமானதா என்ன? ஆளும் வர்க்கத்தின் மதம் அவருடையது. வில்லியம் மியூர் போன்ற பெரிய அதிகாரி 1845-லேயே 'கல்கத்தா ரிவ்யூ'வில் அவர் பணியைப் பாராட்டிக் கட்டுரை எழுதியிருந்தார். அத்தனை பலத்தின் முன்னால் ஒரு பெட்டிப் புத்தகம் கொண்டுவருவதை அழுகுணி ஆட்டம் என்று சொல்ல முடியாது.

ஆனால் உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அவர்கள் அதிகம் பயன்படுத்தியவர்களில் ஒருவர் தாமஸ் ஹார்ட்வெல் ஹார்ன். இவர் விமர்சகர் இல்லை, ஆங்கிலிக்கன் குருவானவர். பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை அவர் தொகுத்ததே, அவற்றால் நம்பிக்கைக்குக் கேடில்லை என்று காட்டத்தான். அவருடைய பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய பதிலை விட்டுவிடுவது, சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பாதியிலேயே வாயைப் பொத்துவது மாதிரி. ஸ்ட்ராஸ் விஷயம் வேறு மாதிரி சிக்கல். அவர் அற்புதங்களையே வரலாறாக ஏற்காதவர். அந்தக் கத்தி பைபிளை மட்டும்தான் வெட்டும் என்று எந்த உறையிலும் எழுதியிருக்கவில்லை. கன்னி மரியாளிடம் இயேசு பிறந்ததைக் குர்ஆனும்தானே சொல்கிறது!

இதே வருடம், 1854-ல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' வெளியானது தற்செயல்தான். ஆனாலும் ஒப்பிடத் தோன்றுகிறது. பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் நாவலர். அங்கே படித்த பைபிளையே எடுத்து, எங்கள் கோயில் சடங்குகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் வேதத்தில் தூபமும் தீபமும் பலியும் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். இங்கே கத்தி இரண்டு பக்கமும் வெட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் அவருடைய வாதமே.

1873 ஆகஸ்டில் இலங்கையின் பாணந்துறையில் நடந்த விவாதத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் வெளிப்படை. டேவிட் டி சில்வா பாதிரியார் பாலி நூல்களிலிருந்து அடுக்கினார். குணானந்த தேரர் பைபிளையே விரித்துவைத்துக் கேள்வி கேட்டார். அதன் அறிக்கையை அமெரிக்காவில் பீபிள்ஸ் என்பவர் நூலாக வெளியிட, அது ஆல்காட்டின் கைக்குக் கிடைத்தது. 1880-ல் அவரே காலியில் வந்து இறங்கிவிட்டார். புத்தகமாகப் போய், ஆளாகவே திரும்பி வந்த உதவி!

ஆக்ராவின் பிற்பகுதி அவ்வளவு வேடிக்கையாக இல்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ரஹ்மதுல்லாஹ்வின் சொத்துகள் பறிமுதலாயின. அவர் மக்காவுக்குத் தப்பிப் போனார். ஃபாண்டர் பெஷாவர் போய், அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிள் போனார். அதே நகரத்தில்தான் சுல்தானின் ஆதரவோடு 1864-ல் ரஹ்மதுல்லாஹ்வின் 'இஸ்ஹாருல் ஹக்' வெளியானது. வஸீர் கானின் பெட்டியில் இருந்த பெயர்கள் அரபியில் பரவின. பல பத்தாண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் அகமது தீதாத் என்ற இளைஞர் அந்த நூலைப் படித்துத்தான் விவாத மேடைக்கே வந்தார். இரவல் இரவலாகவே கைமாறிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் பலர் கவனிப்பதில்லை. விவாதத்துக்கு முன்னால் பேசி முடிவான தலைப்புகள் மொத்தம் ஐந்து. பழைய வேதம் ரத்தாகிவிட்டதா, அதில் மாற்றம் நேர்ந்ததா, திரித்துவம், முகமது நபியின் தூதுத்துவம், குர்ஆன். முதல் இரண்டோடு கூட்டம் கலைந்துவிட்டது. கிறிஸ்தவத் தரப்பு கேள்வி கேட்டு, ரஹ்மதுல்லாஹ் பதில் சொல்லவேண்டிய முறை வரவே இல்லை. பெட்டியில் இருந்த கத்தி திரும்பியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஆக்ரா மக்கள் கேட்காமலேயே வீட்டுக்குப் போனார்கள்.